மகளுக்கு: அந்தத் துறைமுகப் படத்தைப் பற்றி

அன்புள்ள பிள்ளைக்கு,

போனில கதைக்கேக்க "அப்பா, அது சும்மா ஒரு கப்பல் படம்தானே, டச்சுக்காரர் எல்லாரும் கீறினதுதானே" எண்டு சொன்னாய், அதுக்கு அப்ப எனக்கு ஒழுங்கா பதில் சொல்ல வரேல்ல. வாட்ஸ்அப்பில தட்டினா அரைவாசியில விட்டிடுவன், அதால இப்பிடி நீட்டா எழுதுறன், நேரம் இருக்கேக்க ஆறுதலா வாசி.

நான் சொன்ன படம் ஆம்ஸ்டர்டாம் மியூசியத்தின்ட. கீறினவர் வில்லெம் வான் டெ வெல்டே, தகப்பனுக்கும் அதே பேர்தான், அதால இவரை இளையவர் எண்டு சொல்லுவினம். வருஷம் 1686. நீளம் 3 மீட்டருக்கும் மேல, உயரம் ஒரு ஆள் உயரம், அதுக்கு முன்னால நிண்டா கண்ணுக்கு வேற ஒண்டும் தெரியாது. நடுவில "கௌடன் லேயூ" எண்ட பெரிய போர்க்கப்பல், 1673ல டெக்சல் தீவுக்குக் கிட்ட இங்கிலாந்தோட நடந்த சண்டையில டச்சு அட்மிரல் கோர்னேலிஸ் ட்ரோம்ப் ஏறி நிண்ட கப்பல், அதைச் சுத்தி சின்னக் கப்பல், வள்ளம், தோணி எண்டு ஊருக்கு முன்னால இருக்கிற எய் எண்ட தண்ணி முழுக்க ஆக்கள், பின்னால ஊரின்ட கோபுரங்கள் சின்னனா ஒரு வரிசையில, மிச்சம் முழுக்க வானம்.

நீ சின்னனில சென்ட்ரால் ஸ்டேஷனுக்குப் பின்னால ஃபெரி ஏறி நோர்டுக்குப் போவாயே, அந்தத் தண்ணிதான் அது. அப்ப ஸ்டேஷன் இல்ல, அது 1889லதான் திறந்தது, அதுவும் தண்ணிக்குள்ள செயற்கையா தீவு கட்டி அதுக்கு மேல. அதுக்கு முதல் ஊர் நேர கடலைப் பாத்துக்கொண்டு இருந்தது. எய் அந்தக் காலம் உப்புத்தண்ணி, வத்துப்பெருக்கு இருந்த தண்ணி, கரைக்கு முன்னால வரிசையா மரக்குத்தி அடிச்சு இடைக்கிடை வழி விட்டு இரவில அந்த வழியையும் அடைச்சிடுவினம், பெரிய கப்பல் எல்லாம் அதுக்கு வெளியிலதான் கட்டி நிக்கும். இன்னொரு கரைச்சல், ஊருக்கு வாற வழியில பாம்பஸ் எண்ட இடத்தில ஆழம் காணாது, கனமான கப்பல் அதால வாறதெண்டா பாரத்தை இறக்கித்தான் வரவேணும், அதாலதான் இந்தியா, இலங்கைப் பக்கம் போய்வந்த டச்சுக் கிழக்கிந்தியக் கொம்பனிக் கப்பலுகள் டெக்சலில நங்கூரம் போட்டு சரக்கைச் சின்னக் கப்பலுக்கு மாத்தி அனுப்பினது. யாழ்ப்பாணக் கோட்டையை டச்சுக்காரர் போத்துக்கேயரிட்ட இருந்து பிடிச்சது 1658ல, அப்ப இந்த வில்லெமுக்கு 24 வயசு. எங்கட ஊரில இருந்து போன சாமானும் இந்த வள்ளங்களில ஏறித்தான் கரைக்கு வந்திருக்கும் எண்டு நினைக்க எனக்கு அந்தப் படத்தை சும்மா பாத்திட்டுப் போக முடியேல்ல. (கௌடன் லேயூ கொம்பனிக் கப்பல் இல்ல, கடற்படைக் கப்பல், ரெண்டையும் குழப்பாத.)

சரி, நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். இந்தப் படத்தைக் கீறேக்க அவர் ஆம்ஸ்டர்டாம்காரர் இல்ல, உங்க லண்டன்காரர். 1672ல பிரான்ஸ் படை ஒல்லாந்துக்குள்ள வந்திட்டுது, அதே நேரம் இங்கிலாந்தோட கடலில சண்டை, படம் வாங்க ஆரிட்ட காசு இருக்கும்? அந்த வருஷமே இங்கிலாந்து ராசா ரெண்டாம் சார்ள்ஸ் டச்சுக்காரர் வந்து குடியேறலாம் எண்டு அறிவிச்சவர், அந்த மாரிக்குள்ள தகப்பனும் மகனும் கப்பலேறி எதிரி நாட்டுக்கே போயிட்டினம். தகப்பனுக்கு அப்ப 61, மகனுக்கு 39. அதை ஆரும் துரோகம் எண்டு சொன்னா நான் ஒத்துக்கொள்ளமாட்டன், ஊர் எரியேக்க பிள்ளைகுட்டியோட வெளிக்கிடுறவனிட்ட கேள்வி கேக்க எனக்கு வாய் வராது.

1674ல ராசா ரெண்டு பேருக்கும் வருஷத்துக்கு நூறு நூறு பவுண்ட் சம்பளம் போட்டிருக்கிறார். தகப்பனுக்கு கடற்சண்டையைக் கோட்டில கீறுறதுக்கு, மகனுக்கு அந்தக் கோட்டுக்கு நிறம் குடுக்கிறதுக்கு. அரச கட்டளையிலயே அப்பிடித்தான் பிரிச்சு எழுதியிருக்கு. வேலை செய்யிறதுக்கு லண்டன் கிரீனிச்சில குயின்ஸ் ஹவுஸ் எண்ட அரச மாளிகையில இடம்.

தகப்பன்ட கதை எனக்கு இன்னும் பிடிக்கும். அவர் கப்பற்படையோட சின்னக் கப்பல் ஒண்டில கூடப் போய், குண்டு பறக்கேக்கயே அங்க இருந்து கீறினவர், 1653ல ஸ்கெவெனிங்கனுக்குக் கிட்ட நடந்த சண்டை, 1666ல நாலு நாள் நடந்த சண்டை எல்லாத்துக்கும் போயிருக்கிறார். 1653 சண்டையைப் பேந்து வெள்ளை பூசின பரப்பில மையால கீறேக்க முன்னால ஒரு சின்னக் கப்பலில தான் இருந்து கீறிக்கொண்டு இருக்கிறதையும் சேத்துக் கீறி வச்சிருக்கிறார். அந்தாள்ட கோடு பொய் சொல்லாது. மகன் வேஸ்ப் எண்ட ஊரில சிமோன் டெ ஃப்லீகர் எண்ட கடல் ஓவியரிட்டப் போய் வானமும் வெளிச்சமும் பழகினவர், எண்டாலும் எந்தக் கயிறு எங்க கட்டுறது, பாய் காத்தில்லாட்டி எப்பிடித் தொங்கும் எண்டது தகப்பன்ட கோட்டில இருந்து வந்ததுதான் எண்டு நான் நம்புறன். துறைமுகப் படத்தை வடிவாப் பார், இவ்வளவு சனக்கூட்டத்துக்குள்ளயும் ஒரு கப்பல் இன்னொண்டோட குழம்பாது, எல்லாத்துக்கும் தன்ர தன்ர காத்து, தன்ர தன்ர வேலை.

அந்தப் படத்தைக் கேட்டது ஆர் தெரியுமோ, ஆம்ஸ்டர்டாம் துறைமுகத்தைப் பாத்துக்கொண்ட அதிகாரிகள், ஸ்க்ரெயர்ஸ்டோரனில இருந்த தங்கட ஒஃபீஸில மாட்டுறதுக்கு. ஸ்டேஷனுக்குக் கிட்ட நிக்கிற அந்த வட்டக் கோபுரம்தான், நீ கனதரம் சைக்கிளில போயிருப்பாய். வான் டெ வெல்டே போனாப் பிறகு ஊரில பேர்போன கடல் ஓவியர் எண்டா பாக்ஹாய்சன், நல்ல கெட்டிக்காரர், புயலைப் பாக்கிறதுக்கெண்டே வள்ளம் பிடிச்சுக் கடலுக்குப் போவார் எண்டு சொல்லுவினம். அவர் ஊரிலயே இருக்கேக்க, முந்தி எதிரியா இருந்த நாட்டு ராசாவிட்ட சம்பளம் வாங்கின ஆளைக் கேட்டிருக்கினம். நாளாந்தம் கப்பல் பாக்கிற ஆக்கள் அவை, கப்பலைச் சரியாக் கீற ஆருக்குத் தெரியும் எண்டு அவைக்குத் தெரியாமலோ! இன்னொண்டு, கௌடன் லேயூவை உடைச்சதும் அதே 1686லதான். 1666ல கட்டின கப்பல், இருபது வருஷம்.

இப்ப உன்னட்ட ஒண்டு கேக்கிறன். அந்த ரெண்டு பேரும் கீறின பென்சில் படங்கள் உலகத்திலயே கூடுதலா இருக்கிறது கிரீனிச் மியூசியத்திலதான், ஆயிரத்துக்கும் மேல, நிறம் போட்ட துறைமுகம் இஞ்ச என்ர பக்கம், கோடுகள் உன்ர பக்கம். அந்த மியூசியத்தின்ட குயின்ஸ் ஹவுஸுக்குள்ள போக ரிக்கெட் காசு இல்ல, நீ இருக்கிற இடத்தில இருந்து ஒரு ரயில்தான். 2023ல அவை லண்டன் வந்து 350 வருஷம் எண்டு அங்கயே ஒரு கண்காட்சியும் வச்சவை, அப்ப நீ வேலை எண்டு போகேல்ல, பரவாயில்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை போ, தனியப் போனாலும் நல்லது.

மகன் 1687ல கீறின டெக்சல் சண்டைப் படமும் அங்க இருக்கு, அதிலயும் நடுவில நிக்கிறது இதே கௌடன் லேயூதான், பீரங்கி அடிச்சுக்கொண்டு. மாட்டியிருந்தா கப்பல்ட பின்பக்கத்து மரவேலையை வடிவாப் பாத்து, ஃபோட்டோ எடுக்க விட்டா எடுத்து அனுப்பு. என்னட்ட துறைமுகப் படத்தின்ட ஃபோட்டோ இருக்கு, ரெண்டையும் பக்கத்தில வச்சு ஒருக்காப் பாக்கவேணும் எண்டு ஆசை. அம்மா மிளகாய்த்தூள் இடிச்சு வச்சிருக்கிறா, அடுத்த கிழமை தபாலில போடுறன்.

அப்பா