பெட்டியோடு வரும் கடிதம்

வியாசர்பாடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய வம்சாவளி டி.என்.ஏ. டெஸ்ட் முடிவைப் பார்த்தோம். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து திரும்பத் திரும்பப் பார்த்தாள். தென்னிந்தியா இவ்வளவு, தென்கிழக்கு ஆசியா இவ்வளவு, பிரிட்டன் இவ்வளவு என்று ஒரு வட்டத்தைக் கூறு போட்டு வண்ணம் அடித்திருக்கிறார்கள். "இதில் யார் யார் எங்கேப்பா?" என்று கேட்டிருந்தாய். அடுத்த வாரம் உன் அத்தை மகன் டொராண்டோ வருகிறான். அவன் கையில் என் அம்மாவின், அதாவது உன் ஆயாவின், தகரப் பெட்டியைக் கொடுத்தனுப்புகிறேன். அதைத் திறக்கும்போது இந்தக் கடிதமும் பக்கத்தில் இருக்கட்டும். உள்ளே இருப்பதில் முக்கால்வாசி, சொல்ல ஆள் இல்லாவிட்டால் வெறும் பழைய சாமான்தான்.

முதலில் அந்த வட்டக் கல். சந்தனக் கல் என்று நினைத்துவிடாதே, தனக்கா அரைக்கிற கல் அது. தனக்கா மரக்கட்டையை அதில் தண்ணீர் விட்டு இழைத்தால் வெளிர் மஞ்சளாகக் குழம்பு வரும். வெயில் காலத்தில் ஆயா உன் கன்னத்தில் பூசிவிடுவாரே, அதுதான். பர்மாவில் பெண்கள் தினமும் பூசிக்கொள்வது. அந்தக் கல் ஆயாவின் அம்மாவுடையது. உன் பூட்டி பர்மாக்காரர், புத்த மதத்துக்காரர். பூட்டன் ராமநாதபுரம் பக்கம். ரங்கூனில் அரிசி மில் வேலைக்குப் போனவர், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டார். அந்தக் காலத்தில் இது அதிசயமே இல்லை. 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள்தான்.

அப்புறம் ஒரு நூறு கியாட் நோட்டு இருக்கும், பர்மா விடுதலைத் தலைவர் ஆங் சான் படம் போட்டது. அதைக் கண்ணாடி உறையில் வைத்திருக்கிறேன், எடுத்து மடித்துவிடாதே. 1962-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1964 மார்ச்சில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. தாத்தாவுக்கு அங்கே சின்னதாக ஒரு துணிக்கடை. கடை ஒரு வசந்த காலத்தில் போனது, சேமித்து வைத்த பணம் அடுத்த இரண்டு மாதத்தில் போனது. நகை, பணம் எடுத்து வரவும் ஏகப்பட்ட கட்டுப்பாடு. அந்த ஒரே ஒரு செல்லாத நோட்டைத் தாத்தா சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். ஏன் என்று கேட்டால், "நான் அங்கே ஒன்றுமில்லாமல் இருக்கவில்லை" என்பார். வேறு விளக்கம் சொன்னதில்லை.

அந்த வருடக் கடைசியில் கப்பல் ஏறினார்கள். ஆயாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பூட்டன் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். பூட்டி வரவில்லை. அவருக்கு அதுதான் சொந்த நாடு, ஆயாவின் தம்பிகளும் அங்கேதான். இந்த இடத்தில் இரண்டு கதை இருக்கிறது, இரண்டையும் எழுதி வைத்துக்கொள். கப்பல் நகரும்போது தன் அம்மா துறைமுகத்தில் நின்று கை காட்டினார், அவர் தலையில் வைத்திருந்த பூ கூடத் தெரிந்தது என்பார் ஆயா. பூட்டி அன்றைக்குத் துறைமுகத்துக்கே வரவில்லை, வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டார் என்பார் தாத்தா. இரண்டு பேரும் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு நாளும் மறுத்துப் பேசிக்கொண்டதில்லை. எது நடந்தது என்று நீயும் தீர்ப்பு சொல்லத் தேவையில்லை.

இங்கே வந்த பிறகு நடந்தது உனக்கே ஓரளவு தெரியும். வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து வந்தவர்களோடு குடிசை போட்டார்கள். 1969-ல் கடற்கரை ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார் வந்ததும் தாத்தா கடை எடுத்தார். ஆயா சாயங்காலத்தில் தெருமுனையில் அத்தோ போடுவார். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், பேஜோ என்கிற மொறுமொறு வறுவல், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய் எல்லாவற்றையும் கையால் பிசைந்து கொடுத்து, பக்கத்தில் வாழைத்தண்டு சூப் வைப்பார். செகண்ட் லைன் பீச் தெருவில் இன்றைக்கும் நல்ல அத்தோ கிடைக்கிறது. ஆனாலும் ஆயா கைக்கு வராது. இதை நான் பாசத்தில் சொல்லவில்லை, அவர் புளியைக் கரைக்கிற பதம் வேறு.

இனி பெரம்பூர்ப் பக்கம், உன் அம்மாவைப் பெற்ற ஆங்கிலோ இந்தியக் குடும்பம். மரப்பிடி போட்ட இரும்பு அச்சு ஒன்று இருக்கும். கிரானி கிறிஸ்துமஸுக்கு ரோஸ் குக்கி சுடுவது அதில்தான். நம் அச்சு முறுக்கேதான், ஆனால் கிரானி எதிரில் அப்படிச் சொன்னதில்லை. கூடவே கிராண்ட்பாவின் ஹாக்கி மெடல். அவர் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் ஃபிட்டர், அவர் மாமனாரும் அங்கேதான். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு முதல் ரயில் ஓடியது, பெரம்பூர் பட்டறையும் அதே வருடம்தான் தொடங்கியது. கிரானி வீட்டு வம்சம் அந்த ரயிலோடு வந்தது. சீமையிலிருந்து வந்த ஓர் என்ஜின்காரர்தான் முதல் ஆள் என்று கிரானி சொல்வார். அந்த என்ஜின்காரர் கல்யாணம் செய்துகொண்ட பெண் யார் என்று நான் ஒரு தடவை கேட்டேன். "மேரி என்று எழுதியிருக்கிறது. ஆனால் அவள் இந்த ஊர்ப் பெண்தான்" என்றார். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அப்பா பெயர், ஊர் எதுவும் இல்லை. உன் வட்டத்தில் தென்னிந்தியா என்று போட்டிருக்கிற இடத்தில் அந்த அம்மாவும் இருக்கிறார், அதை மறக்காதே. சென்னை மாகாணத்துத் திருச்சபைப் பதிவேடுகளின் நகல்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. லண்டன் போனால் ஒரு நாள் அதற்கு ஒதுக்கு. என்ஜின்காரரைத் தேடாதே, அவரைப் பற்றிச் சொல்ல ஆள் இருந்தது. மேரியைத் தேடு.

ஆங்கிலோ இந்தியர்களுக்கு ரயில்வேயில் இருந்த வேலைச் சலுகை, அரசியல் சட்டப்படி 1960-ல் முடிந்தது. அதற்கப்புறம் பெரம்பூரில் வீடு வீடாகக் கிளம்பினார்கள். கிரானியின் அண்ணன், அக்கா, தங்கை எல்லோரும் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஆஸ்திரேலியா போய்விட்டார்கள். பம்பாய் ரயில் ஏற்றிவிட சென்ட்ரலுக்குப் போய்ப் போய்க் கிரானிக்கு அந்த ஸ்டேஷனே பிடிக்காமல் போயிற்று. அவர் அம்மா படுக்கையில் இருந்ததால் இவர் தங்கிவிட்டார். ஒன்றை யோசித்துப் பார். என் அம்மா வந்து இறங்கிய துறைமுகத்துக்கும் உன் கிரானி வழியனுப்பி வைத்த சென்ட்ரலுக்கும் நடந்தே போய்விடலாம். அந்த வருடங்களில் ஒருத்தி வந்துகொண்டிருந்தாள், ஒருத்தியின் ஆட்கள் எல்லோரும் போய்க்கொண்டிருந்தார்கள்.

எங்கள் கல்யாணத்தில் நடந்ததை இதுவரை முழுசாக உன்னிடம் சொன்னதில்லை. அம்மா அப்போது பாரிமுனையில் டைப்பிஸ்ட். 1991-ல் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவுக்கு எழுதிக் கொடுத்தோம். அதற்கு முப்பது நாள் பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு இரண்டு வீட்டுக்கும் ஆள் ஓடினான். "சட்டைக்காரி வீட்டுப் பெண்ணா?" என்று எங்கள் பக்கம். கோயில் குளம் என்று போகிற, பிளாட்பாரத்தில் ஃபாரின் சாமான் விற்கிற பையனா என்று அவர்கள் பக்கம். வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத மாட்டேன். பேசியவர்கள் பலர் பிறகு நமக்கு நல்லது செய்தார்கள்.

நிலைமை மாறியது அந்த இரண்டு பெண்களால். ஆயா ஒரு தூக்குச்சட்டியில் கவ்ஸ்வே என்கிற பர்மா நூடுல்ஸ் செய்து எடுத்துக்கொண்டு பெரம்பூருக்குத் தனியாகப் போனார். கல்யாணப் பேச்சையே எடுக்கவில்லையாம். சுவரில் மாட்டியிருந்த போட்டோக்களைப் பார்த்து இவர்கள் எல்லாம் எங்கே என்று கேட்டிருக்கிறார். பெர்த், மெல்போர்ன் என்று கிரானி ஒவ்வொன்றாகச் சொல்ல, ஆயா தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். கிரானியின் தமிழ் ஒரு மாதிரி, ஆயாவின் தமிழ் ஒரு மாதிரி. ஆனால் அன்றைக்கு இருட்டும்வரை பேசியிருக்கிறார்கள்.

ஆயா அதுவரை ரங்கூனுக்குப் போட்ட கடிதங்களில் பல போய்ச் சேரவில்லை. முகவரியைத் தானே தட்டுத்தடுமாறி எழுதுவார். அன்றிலிருந்து கடிதத்தை ஆயா பர்மிய மொழியில் எழுதுவார், உறை மேல் கிரானி ஆங்கிலத்தில் முகவரி எழுதுவார். கிரானியின் கையெழுத்தை உனக்குத் தெரியுமே, அச்சடித்த மாதிரி இருக்கும். பதில் வரத் தொடங்கியது. நீ பிறந்த செய்தி அப்படித்தான் பூட்டிக்குப் போனது. உனக்கு மூன்று வயதாகும்போது பூட்டி இறந்த செய்தியும் அப்படித்தான் வந்தது. அதைக் கேட்டுக் கிரானி பெரம்பூர் லூர்து மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினார். ஆயா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், நான் பார்த்தேன்.

அதனால்தான் அந்த வட்டத்தைப் பார்த்து எனக்கு மனசு ஒப்பவில்லை. கணக்கு தப்பு என்று சொல்ல வரவில்லை. கிரானிக்கும் ரங்கூனுக்கும் ரத்த சம்பந்தம் எதுவும் கிடையாது. ஆனால் நம் வீட்டில் ரங்கூனை உயிரோடு வைத்திருந்ததில் பாதி அவர் கை. எந்த டெஸ்ட் அதைக் காட்டும்?

சரி, உன்னால் ஆக வேண்டிய காரியம் இரண்டு இருக்கிறது. பெர்த்தில் இருக்கிற கிரானியின் தங்கைக்கு எண்பது தாண்டிவிட்டது, ஞாபகம் நன்றாக இருக்கிறது. இந்த மாதமே வீடியோ காலில் கூப்பிடு. பெட்டியில் இருக்கிற பெரம்பூர் ரயில்வே இன்ஸ்டிடியூட் டான்ஸ் போட்டோவைக் காட்டி யார் யார் என்று கேள். பெயர்களைப் பின்பக்கம் பென்சிலால் எழுது, பேனா வேண்டாம், மை ஊறும். அவர் பேசுவதை அப்படியே ரெக்கார்ட் செய்துகொள்.

இரண்டாவது, பெட்டியின் அடியில் பச்சை லுங்கித் துணியில் சுற்றிய கட்டு. அவை பூட்டியும் ஆயாவின் தம்பியும் எழுதிய கடிதங்கள். எல்லாம் பர்மிய எழுத்து. ஆயா அவற்றைச் சத்தமாகப் படித்து எங்களுக்குத் தமிழில் சொல்வார். சில இடங்களில் நிறுத்தி, அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். அப்போது நாங்கள் யாரும் என்னவென்று கேட்டதில்லை, அது அவருடைய அம்மா எழுதியது. இப்போது அவர் இல்லை, நம் வீட்டில் பர்மிய மொழி படிக்க ஆளும் இல்லை. டொராண்டோவில் பர்மாக்காரர்கள் இருப்பார்கள். விசாரித்து, நம்பிக்கையான ஒருவரைப் பிடித்துப் படிக்கச் சொல். முதலில் நீ மட்டும் கேள். எனக்குச் சொல்ல வேண்டியது எது, வேண்டாதது எது என்று நீயே முடிவு செய்.

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். ரோஸ் குக்கி மாவுக்கு அளவு தனிச் சீட்டில் எழுதி அச்சுக்குள் வைத்திருக்கிறாளாம்.

அன்புடன்,
அப்பா