இட்டெர்பியம் படிகம் பற்றி முருகேசனுக்கு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. வளர்மதிக்கு எம்.எஸ்ஸி. இயற்பியலில் இடம் கிடைத்ததில் எனக்கும் பெருமைதான். "கண்ணாடித் துண்டு மாதிரி படிகம் கைக்கு வந்த பிறகும் என்ன சோதனை வேண்டிக்கிடக்கிறது?" என்று கேட்டிருக்கிறாய். படிகம் வளர்க்கும் என் தொழிலின் உயிரே அந்தச் சோதனையில்தான் இருக்கிறது.

இட்டெர்பியமும் டைட்டேனியமும் ஆக்சிஜனும் சேர்ந்த சேர்மமான இட்டெர்பியம் டைட்டனேட்டை எடுத்துக்கொள். அதன் காந்த அயனிகள், அதாவது சிறு காந்தம் போல் நடந்துகொள்ளும் இட்டெர்பிய அயனிகள், முனை தொட்டு நிற்கும் நான்முகிகளின் (நான்கு முக்கோண முகங்கள் கொண்ட வடிவங்களின்) முனைகளில் அமர்ந்திருக்கின்றன. அக்கம்பக்கத்து விசைகள் ஒன்றோடொன்று முரண்படுவதால், எல்லா அயனிகளுக்கும் ஒத்துவரும் திசை எதுவும் கிடையாது. தூளாகச் செய்து குளிர்வித்தால் 0.26 கெல்வின் அருகே, அதாவது தனிச்சுழியை ஒட்டிய கடுங்குளிரில், தன்வெப்பத்தில் (பொருளைச் சூடேற்றத் தேவைப்படும் வெப்பத்தின் அளவில்) கூர்மையான முகடு எழும். பெரிய ஒற்றைப் படிகமாக வளர்த்தாலோ, அந்த முகடு அகன்று இன்னும் குளிர்ந்த பக்கம் நகர்ந்துவிடும். ஒரே சேர்மம், துண்டுக்குத் துண்டு வேறு விடை!

2012இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகக் குழு படிகத்தையே நொறுக்கி, நியூட்ரான்கள் சிதறும் விதத்தைக் கொண்டு அணுக்களின் இடத்தை அறியும் நியூட்ரான் விளிம்பு விளைவு முறையில் ஆராய்ந்தது. டைட்டேனியத்துக்குரிய இடங்களில் ஏறத்தாழ 2 விழுக்காட்டில் இட்டெர்பியம் குடியேறியிருந்தது. படிகத்தில் எக்ஸ் கதிரைச் செலுத்தி எடுக்கும் லாவே படத்தில் புள்ளிகள் எவ்வளவு கூர்மையாக விழுந்தாலும் இந்தப் பிசகு தெரியாது.

பிசகு பிறப்பது உலையில். ரப்பர் பலூனில் தூளை அடைத்து, காற்றை உறிஞ்சி, நீரழுத்தத்தில் இறுக்கி, சுட்டுத் தண்டாக்குவோம். மேல்தண்டும் கீழ்த்தண்டும் எதிரெதிராகச் சுழல, ஆடிகள் விளக்கொளியைக் குவிக்கும் இடத்தில் உருகிய குழம்பு பரப்பு இழுவிசையால் மட்டும் நிற்கும். பாத்திரம் எதுவும் தொடாது. மணிக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் கீழிறங்கி உறையும். 2017இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு அந்தக் குழம்பில் மட்டும் டைட்டேனியம் ஆக்சைடைக் கூட்டி, குறைந்த வெப்பத்தில் வளர்த்தது. நிறமே இல்லாத படிகம் கிடைத்தது. முகடும் தூளில் இருந்த இடத்துக்கே திரும்பியது. இந்தத் துறையில் நான் மிக விரும்பும் வேலை இதுதான்.

ஆனால் இன்றும் பல கட்டுரைகளில் படிக வளர்ப்புக்கு ஒரு வரிதான். எந்தத் துண்டு, என்ன நிறம், அதன் தன்வெப்பம் எப்படி என்பதைச் சொல்லாமல் புதிய காந்த நிலையைக் கண்டோம் என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

வளர்மதியை விடுமுறையில் அனுப்பி வை. உலை ஓடும் வாரத்தை முன்கூட்டியே எழுதுகிறேன். பலூனில் தூள் அடைப்பதிலிருந்து அவளே செய்யட்டும்.

அன்புடன்,
சிவராமன்