டார்ச் லைட் டப்பாவுல போடுற லூமென் கணக்கு

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

எங்க பக்கம் தோட்டத்துக்கு மும்முனை கரண்ட் பல நாள் ராத்திரியிலதான் வருது, மோட்டார் போடவும் மடை மாத்தவும் போறவங்க டார்ச் இல்லாம வரப்புல கால் வைக்க முடியாது, பாம்பு நடமாட்டம் அப்படி. அதனாலதான் இதை எழுதுறேன். இப்போ சந்தையிலயும் ஆன்லைன்லயும் விக்கிற டார்ச் டப்பாவுல 50,000 லூமென், 1 லட்சம் லூமென்னு கூசாம போடுறாங்க சார். லூமென்னா ஒரு லைட் மொத்தமா எவ்ளோ வெளிச்சம் தருதுங்கற அளவு.

கார்ல போடுற ஹெச்4 ஹாலஜன் பல்பு ஹைபீம்ல 60 வாட், அதோட ரேட்டிங்கே 1,650 லூமென்தான். அப்போ கையில அடங்குற டார்ச் ஒண்ணு 30 ஹெட்லைட் பல்பு வெளிச்சம் தருதுன்னு சொல்றாங்க. நல்ல எல்இடியே டார்ச்சுக்குள்ள வாட்டுக்கு 100, மிஞ்சிப்போனா 150 லூமென் தரும், 50,000 வேணும்னா 300 வாட்டுக்கு மேல இழுக்கணும், உள்ள கிடக்கறதோ ஒரே ஒரு 18650 செல் (சார்ஜ் பண்ற லித்தியம் பேட்டரி), அதுல நல்ல கம்பெனி செல்லுக்கே 12 வாட் ஹவர் பக்கம்தான் சரக்கு. அவ்ளோ கரண்ட்டை அந்த செல்லால தரவே முடியாது.

எங்க ஊர் எலக்ட்ரிக் கடையில அப்படி ஒண்ணை கழட்டி பாத்தோம். செல் மேல 9,900 எம்ஏஹெச்னு (செல் எவ்ளோ சார்ஜ் பிடிக்கும்ங்கற அளவு) பிரிண்ட் பண்ணிருக்கு. அந்த சைஸ்ல நல்ல செல் 3,500 பக்கம்தான் வரும். பக்கத்து மளிகைக்கடை தராசுல வச்சா 30 கிராம் கூட காட்டல, ஒழுங்கான 18650 செல் 45 கிராம் பக்கம் இருக்கும்.

வீட்லயே செக் பண்ணலாம். ஜன்னல் சாத்தி, லைட்டை அணைச்சுட்டு டார்ச்சை தரையில நிமித்தி வச்சு வெள்ளை சீலிங்கை பாத்து அடிங்க, போன்ல லக்ஸ், அதாவது ஒரு இடத்துல விழுற வெளிச்சத்தோட அளவை பாக்குற ஆப் போட்டு ஒரே இடத்துல வச்சு பாருங்க. நம்பகமான ரேட்டிங் உள்ள டார்ச் ஒண்ணையும் அதே இடத்துல வச்சு ஒப்பிட்டா உண்மை தெரிஞ்சுடும். நாங்க பாத்தப்போ 50,000 போட்டது 500 போட்டதுல முக்கால்வாசி கூட வரல. ஆனா செவுத்துல அடிச்சு காட்டினா அந்த 50,000 போட்டதுதான் பளிச்சுனு தெரியுது, ஏன்னா வெளிச்சத்தை ஒரே புள்ளியில குவிச்சுடுது. கடைக்காரங்க எப்பவும் செவுத்துலதான் அடிச்சு காட்டுவாங்க.

டார்ச் வெளிச்சத்தை எப்படி அளக்கணும்னு அமெரிக்காவுல 2009லயே எஃப்எல் 1னு ஒரு ஸ்டாண்டர்ட் வந்துடுச்சு. ஆன் பண்ணி 30 செகண்ட்ல இருந்து 2 நிமிஷத்துக்குள்ள லூமென் அளக்கணும், 0.25 லக்ஸா, அதாவது பௌர்ணமி நிலா வெளிச்சம் அளவுக்கு குறையுற தூரத்தைத்தான் பீம் தூரம்னு போடணும். இந்த முத்திரை உள்ளதை வாங்கினாலும் ரன் டைம்ல கவனம் வேணும், வெளிச்சம் பத்துல ஒரு பங்கா குறையற வரைக்கும் உள்ள நேரம்தான் அது. 1,000 லூமென், 10 மணி நேரம்னு போட்டிருந்தா 10 மணி நேரமும் 1,000 வரும்னு அர்த்தம் இல்ல, ஒரு செல்லுல 1,000 லூமென் ஒரு மணி நேரத்துக்கு சொச்சம் ஓடினாலே பெருசு, சூடு ஏறினா சில நிமிஷத்துலயே தானா குறைச்சுக்கும். வரப்புல நடக்க 300 லூமென் பரவலா விழுந்தாலே தாராளம்.

பொய் விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல 10 லட்சம் வரைக்கும் அபராதம் இருக்கு, மறுபடியும் பண்ணினா 50 லட்சம். 1915ங்கற நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் போட்டு புகார் சொல்லலாம், டப்பாவையும் பில்லையும் தூக்கிப் போடாம வச்சிருங்க. உங்க பத்திரிகைக்கு டார்ச் விளம்பரம் வந்தா எஃப்எல் 1 டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கான்னு கேட்டுட்டு அப்புறம் போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒட்டன்சத்திரம் பக்கத்துல இருந்து ஒரு விவசாயி