36 மைலுக்கு லைசென்ஸ் போகாது, கடிதத்தை ஒளிச்சா போகும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கடை பேப்பரை கிழமைக்குக் கிழமை எடுத்து முன்பக்கத்தில இருந்து மரண அறிவித்தல் வரைக்கும் ஒண்டும் விடாமல் வாசிக்கிற ஆள் நான், ஆனா கடிதம் எண்டு எழுதுறது இதுதான் முதல்தரம், பிழை இருந்தா திருத்திப் போடுங்கோ. லண்டனில இருக்கிற எங்கடை பிள்ளையள் இப்ப பதினேழு பதினெட்டிலேயே கார் ஓட வெளிக்கிடுதுகள், அதுகளுக்கு ஒரு ஸ்பீடிங் கடிதம் வந்தவுடனே பெத்த நாங்கள் செய்யிற வேலையளைப் பற்றித்தான் எழுதுறன். என்ரை வீட்டிலை நடந்ததை வைச்சே சொல்லுறன்.

ஒரு சனிக்கிழமை காலமை கதவடியில தபால் விழுந்து கிடந்துது. பீட்ஸாக் கடை நோட்டீஸ் ரெண்டு, அதுக்குக் கீழை ஒரு வெள்ளைக் கவர், பொலிஸ் முத்திரை. என்ரை பேருக்குத்தான் வந்தது, ஏனெண்டா காரின்ரை பதிவுப் பத்திரமான லொக்புக்கிலை என்ரை பேர். இன்ன திகதி, இன்ன நேரம், இன்ன றோட்டு, 30 மைல் றோட்டிலை 36 மைல், வழக்குப் போட யோசிக்கிறம், யார் ஓடினது எண்டு 28 நாளுக்குள்ளை எழுதி அனுப்பு, இதுதான் விசயம். அந்த நேரம் நான் வேலையிலை. ஓடினது மகள். ரெஸ்ற் பாஸ் பண்ணி ஏழு மாசம்.

அவள் கடிதத்தைப் பாத்திட்டு அழத் தொடங்கீட்டாள், "அப்பா லைசென்ஸ் போச்சு, ரெண்டு வருசத்துக்குள்ளை பிடிபட்டா போயிடுமாம்" எண்டு. அவளின்ரை பயத்தில அரைவாசி உண்மைதான், மிச்சத்துக்குப் பிறகு வாறன்.

மத்தியானத்துக்கு முதல் எனக்கு மூண்டு ஆலோசனை வந்திட்டுது. மச்சான் போனிலை சொன்னவர், "அக்காவின்ரை பேரைப் போட்டு அனுப்புங்கோ அத்தான், அவவின்ரை லைசென்ஸில ஒரு தண்டனைப் பொயின்றும் இல்லைத்தானே, பிள்ளை தப்பீடுவாள்." கோயிலில பழக்கமான ஒரு அண்ணை சொன்னவர், 14 நாளுக்குள்ளை கடிதம் வராட்டி கேஸ் செல்லாது, பிந்தித்தான் கிடைச்சது எண்டு எழுதிவிடு எண்டு. வேலையிடத்தில ஒரு தம்பி, ஒண்டும் செய்யாதேங்கோ, பேசாமல் விடுங்கோ, ரெண்டாவது கடிதம் வந்தாப் பாப்பம், அவங்களுக்கு இதுதானா வேலை எண்டான். மூண்டு பேரும் நல்ல மனசோடைதான் சொன்னவை. ஆனா 36 மைலிலை ஓடினது செய்யாத சேதத்தை இந்த மூண்டில எதைச் செய்திருந்தாலும் செய்திருக்கும்.

முதல்லை பேசாமல் விடுற கதை. யார் ஓடினது எண்டு பேர் குடுக்காமல் விட்டா அதுவே தனிக் குற்றம், எம்எஸ்90 எண்டு லைசென்ஸில ஏறும், 6 பொயின்ற், கோட்டுக்குப் போனா ஆயிரம் பவுண்ஸ் வரைக்கும் ஃபைன். கவனிச்சுப் பாருங்கோ, 36இல ஓடினதுக்குப் பொயின்ற் வந்தாலும் வழமையா 3தான், கடிதத்துக்குப் பதில் போடாததுக்கு 6. 1995ஆம் ஆண்டு புது றைவர்மாருக்கெண்டு கொண்டுவந்த சட்டத்தின்படி ரெஸ்ற் பாஸ் பண்ணி ரெண்டு வருசத்துக்குள்ளை 6 பொயின்ற் வந்தா டிவிஎல்ஏ எண்ட லைசென்ஸ் கந்தோர் லைசென்ஸை ரத்துப் பண்ணும். அதிலை கோட் கேட்டு இரக்கம் காட்டிற கதையே இல்லை, தானா நடக்கும். திரும்ப புரொவிஷனல் எண்ட பழகுற ஆளின்ரை லைசென்ஸ் எடுத்து, எல் போட் ஒட்டி, தியரி 23 பவுண்ஸ், பிறகு பிராக்டிக்கல் 62 பவுண்ஸ், அந்த ரெஸ்ற்றுக்கு ஒரு திகதி எடுக்கப் படுற பாடு பிள்ளை வைச்சிருக்கிற எல்லாருக்கும் தெரியும், விடியக் காலமை லப்டொப்பைத் திறந்து வைச்சுக்கொண்டு இருந்த ஆள் நான். கேஸ் என்ரை பேரிலை தானே வரும், 6 பொயின்ற்றும் எனக்குத் தானே எண்டு ஒருதர் கேக்கலாம். சரி, ஆனா கன பிள்ளையளின்ரை காருக்கு லொக்புக் அவையின்ரை சொந்தப் பேரிலைதான் இருக்கு. அப்ப ஒரு கடிதத்தைத் திறக்காமல் லாச்சிக்குள்ளை வைச்ச ஒரே குற்றத்துக்கு லைசென்ஸ் முழுசாப் போகும்.

அடுத்தது மனிசியின்ரை பேரைப் போடுறது. இது எங்கடை ஆக்களுக்கை ஏதோ குடும்ப உதவி மாதிரி நடக்குது, உண்மையில இது நீதியைத் திருப்பிற குற்றம், ஃபைனோடை முடியிற விசயம் இல்லை, ஜெயில். கிறிஸ் ஹியூன் எண்ட அரசியல்வாதியை கன பேருக்கு ஞாபகம் இருக்கும், 2003இல ஸ்பீட் கமெராவில பிடிபட்டதை அப்ப மனிசியா இருந்த விக்கி பிரைஸ் ஏத்துக்கொண்டவ, பிறகு அவர் மந்திரியாவும் வந்தவர், பத்து வருசம் கழிச்சு 2013இல ரெண்டு பேருக்கும் ஆளுக்கு எட்டு மாசம் தீர்ப்பு. 3 பொயின்ற் தான் அண்ணை முழுக் கதையும்! மந்திரிக்கே அந்தக் கெதி எண்டா, முன்பக்கமா எடுத்த கமெராப் படத்திலை பத்தொன்பது வயசுப் பிள்ளையின்ரை முகம் தெரியேக்கை ஐம்பது வயசு மனிசியின்ரை பேரை எழுதி அனுப்பினா என்ன நடக்கும்.

14 நாள் கதையில கொஞ்சம் உண்மை இருக்கு. கமெராவிலை பிடிபட்டா முதல் கடிதம் 14 நாளுக்குள்ளை லொக்புக்கிலை இருக்கிற ஆளுக்கு வந்து சேரோணும். ஆனா பொலிஸ் றோட்டிலை மறிச்சு நேரே சொல்லியிருந்தா அந்தக் கணக்கு இல்லை, வேற ஆளின்ரை பேருக்கு முதல்லை போய் பிறகு உங்களுக்கு வாற கடிதத்துக்கும் அந்தக் கணக்கு இல்லை. எனக்கு வந்தது ஒன்பதாம் நாள். பொய் சொல்ல ஒண்டும் இருக்கேல்லை. இன்னொண்டு, யார் ஓடினது எண்டு உண்மையிலேயே ஞாபகம் இல்லாட்டி படத்தைக் காட்டுங்கோ எண்டு கேக்கலாம், ஆனா படம் வரட்டும் எண்டு இருந்தா 28 நாள் நிக்காது, அது தன்ரை பாட்டுக்கு ஓடும்.

மகளின்ரை பேரை எழுதி அனுப்பினம். பிறகு கடிதம் அவளுக்கு வந்தது. இப்பதான் தெரிவு எண்டு ஒண்டு வரும், மூண்டு வழி.

நல்ல வழி ஸ்பீட் அவேர்னஸ் கோஸ், வேகத்தைப் பற்றின ஒரு வகுப்பு. நான் சொல்லுறது இங்கிலாந்து வேல்ஸ் கணக்கு. 31 ஓடினாலே சட்டப்படி குற்றம்தான், ஆனா பொலிஸ் வழமையா லிமிற்றிலை 10 வீதமும் அதுக்கு மேலை 2 மைலும் விட்டுத்தான் பிடிக்கிறவை, அது வழிகாட்டல் மட்டும், உரிமை இல்லை. 30 றோட்டிலை 35இலையிருந்து 42 வரைக்கும், 20 றோட்டிலை 24இலையிருந்து 31 வரைக்கும், 40 எண்டா 46இலையிருந்து 53 வரைக்கும் பிடிபட்ட ஆளுக்கு, போன மூண்டு வருசத்திலை இந்தக் கோஸ் செய்யாமல் இருந்தா, பெரும்பாலும் கோஸுக்கு இடம் தருவினம். புது றைவருக்கும் தருவினம், இதுதான் மகளுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. 80, 100 பவுண்ஸ் அளவிலை காசு, இடத்துக்கு இடம் வித்தியாசம். பொயின்ற் இல்லை, வழக்குத் தீர்ப்பு எண்டு ஒண்டும் இல்லை, சோதினையும் இல்லை, இருந்து ஒழுங்காக் கதைச்சாக் காணும். ஆனா புக் பண்ணிப்போட்டு போகாமல் விட்டா, அல்லது அரைமணித்தியாலம் பிந்தி லொக் இன் பண்ணினா, திரும்பக் கேஸ் உயிர்க்கும்.

ரெண்டாவது, 100 பவுண்ஸும் 3 பொயின்ற்றும் ஏத்துக்கொண்டு கட்டிறது. கோஸ் கிடைக்காட்டி இதுதான். லைசென்ஸ் போகாது, மகள் பயந்தது பாதி பிழை எண்டது இதுதான், 3 பொயின்ற்றுக்குப் போகாது, 6க்குத்தான் போகும். ஆனா பிறகு ரெண்டு வருசம் முடியிறவரைக்கும் கயித்திலை நடக்கிற மாதிரித்தான். எல் போட்டிலை இருக்கேக்கை வாங்கின பொயின்ற்றும் இந்தக் கணக்கிலை வரும் எண்டது இன்னும் கன பேருக்குத் தெரியாது. போனைக் கையிலை பிடிச்சுக்கொண்டு ஓடினா ஒரே அடியிலை 6 பொயின்ற்றும் 200 பவுண்ஸும், ஸ்பீடை விட எனக்கு அதுதான் பயம். பொயின்ற் நாலு வருசம் லைசென்ஸில நிக்கும், கன இன்சூரன்ஸ்காரர் அஞ்சு வருசத்துக் கதை கேப்பினம், புதுப் பிள்ளைக்கு ஏற்கனவே தலை சுத்துற விலை. கோஸ் செய்தனீங்களோ எண்டு கேக்கிற கொம்பனியளும் சிலது இருக்கு, கேட்டா உண்மையைச் சொல்லோணும், கேக்காட்டி நீங்களாப் போய்ச் சொல்லத் தேவையில்லை.

மூண்டாவது கோட். நான் ஓடவே இல்லை, கமெரா பிழை, ஸ்பீட் லிமிற் போர்ட்டே இல்லை எண்டு உண்மையிலேயே காட்ட ஏலுமெண்டா போகலாம். வெறும் கோவத்திலை போகாதேங்கோ. 31இலையிருந்து 40 வரைக்கும் எண்டா குற்றம் எண்டு தீர்ப்பு வந்தா ஏறக்குறைய கிழமைச் சம்பளத்தில அரைவாசி ஃபைன், அதுக்கு மேலை சேர்சார்ஜ் எண்ட மேலதிகக் காசு, கோட் செலவு, 3 பொயின்ற் எப்படியும் வரும். 40ஐத் தாண்டினா 4 முதல் 6 பொயின்ற் வரைக்கும், அப்ப புது றைவருக்குக் கதை வேற.

"போர்ட்டே இல்லை" எண்டுதான் மகளும் சண்டை பிடிச்சவள். சரி வா பாப்பம் எண்டு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அந்த றோட்டாலை ரெண்டு பேரும் நடந்து போனம். தொடக்கத்திலை 30 போர்ட் இருக்கு, பிறகு நீளத்துக்கு ஒண்டும் இல்லைத்தான். அவள் வெற்றியோடை என்னைப் பாத்தாள். நான் லைற் கம்பத்தைக் காட்டினன். வரிசையாக் கம்பம் நிக்கிற றோட்டு, வேற போர்ட் இல்லாட்டி, 30 தான், இடையிலை திரும்பத் திரும்ப போர்ட் வைக்க மாட்டினம். வேல்ஸிலை 2023 செப்டம்பரில இருந்து அப்படியான றோட்டுக்கு 20. தியரி படிச்சுப் பாஸ் பண்ணின பிள்ளை, இதைப் படிச்சனான் எண்டாள், ஆனா றோட்டிலை கண்ணுக்குப் படேல்லையாம். "மீற்றர் 36 காட்டேல்லை அப்பா" எண்டும் சொன்னவள். காட்டியிருக்காதுதான், கார் மீற்றர் உள்ளதை விடக் கூடத்தான் காட்டும், குறைச்சுக் காட்டக்கூடாது எண்டு விதி, அப்ப அவளின்ரை மீற்றர் 37, 38 எண்டு காட்டியிருக்கோணும். அதுக்குப் பிறகு அவள் ஒண்டும் பேசேல்லை.

கோஸ் ஒன்லைனிலை. குசினி மேசையிலை லப்டொப், லைசென்ஸை கமெராவுக்குக் காட்டி ஆள் சரியோ எண்டு பாத்துத்தான் உள்ளை விட்டவை, மூண்டு மணித்தியாலத்துக்குக் கிட்ட எழும்பேலாது. நான் ஒரு பக்கத்தாலை தேத்தண்ணி ஊத்திற சாட்டிலை கேட்டுக்கொண்டு நிண்டன். 30இலை ஓடேக்கை பிரேக் பிடிச்சா கார் எவ்வளவு தூரத்திலை நிக்கும் எண்டு கேட்டவை, நான் மனசுக்கை பத்து மீற்றர் எண்டன். 23 மீற்றராம். அதிலை 9 மீற்றர் மூளைக்கு விளங்கி கால் பிரேக்குக்குப் போறதுக்கே போயிடுது. 40 எண்டா 36 மீற்றர். இருபத்தி ரெண்டு வருசம் இந்த நாட்டிலை கார் ஓடுற நான்!

இன்னொரு விசயம் சொல்லாமல் விட்டா மனச்சாட்சி கேக்கும். மகளின்ரை பேரைத் துணிஞ்சு எழுதக்கூடியதா இருந்ததுக்குக் காரணம் இன்சூரன்ஸில மெயின் றைவர் அவள்தான். பிள்ளை ஒவ்வொரு நாளும் ஓடுற காருக்கு, விலை குறையும் எண்டு அப்பாவை மெயின் றைவராப் போட்டு பிள்ளையை ரெண்டாம் ஆளாச் சேர்க்கிற பழக்கம் எங்கடை ஆக்களிட்டை கூட. அது மோசடி. கொம்பனி கண்டுபிடிச்சு இன்சூரன்ஸ் செல்லாது எண்டாக்கினா, பிள்ளை இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடினதா முடியும், அதுக்கும் 6 பொயின்ற்தான். ஒரு பொய்யை மறைக்கத்தான் கன பேர் கடிதத்திலை மனிசியின்ரை பேரை எழுதுற அடுத்த பொய்க்குப் போகினம் எண்டு நான் நினைக்கிறன்.

உங்களிட்டை ஒரு வேண்டுகோள். திருமண மண்டப விளம்பரத்துக்கு அரைப் பக்கம் குடுக்கிறீங்கள், மாசத்திலை ஒருக்கா ஒரு சின்னப் பெட்டியிலை 28 நாள், 14 நாள், 6 பொயின்ற் எண்ட இந்தக் கணக்கைப் போட்டு விடுங்கோ. கூட ஒரு வரி, வீடு மாறினா லொக்புக்கிலையும் அட்ரஸை மாத்தச் சொல்லி. வாடகை வீடு மாறி மாறி இருக்கிற சனம் நாங்கள், பழைய வீட்டுக்குக் கடிதம் போய் ஆருக்கும் தெரியாமல் எம்எஸ்90 விழுந்த பிள்ளையள் இருக்கு.

இதை எழுதி முடிச்சிட்டு மனிசியின்ரை காரின்ரை லொக்புக்கை எடுத்துப் பாத்தன். நாலு வருசத்துக்கு முதல் இருந்த வீட்டு அட்ரஸ். நாளைக்கு மாத்தோணும்.

இப்படிக்கு,
லண்டனிலையிருந்து ஒரு வாசகர்