குடைகிறதா என்று கேள்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதங்களாகிவிட்டன. பதில் எழுதாததற்கு நான் சொல்லக்கூடிய சமாதானங்கள் எல்லாம் உனக்குக் கல்லூரி நாளிலிருந்தே மனப்பாடம் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். இங்கே அனைவரும் நலம். நம் மூக்கன் பணி ஓய்வு பெற்றுவிட்டான். அந்த மிதிவண்டியை மட்டும் இன்னும் திருப்பித் தரவில்லை.

இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உன் கடிதத்தின் கடைசிப் பத்தி. அம்மா இரவில் கத்துகிறார், துணி மாற்றப் போனால் கிள்ளுகிறார், மறதிநோய் முற்றிவிட்டது என்று தூக்க மருந்தைக் கூட்டியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். முதலில் படித்தபோது வருத்தப்பட்டு மடித்து வைத்தேன். சென்ற மாதம் அப்பாவின் தோளில் இருந்ததைக் கண்டுபிடித்த பிறகு, அதே பத்தியை எடுத்து நான்கு முறை படித்தேன்.

அப்பாவுக்கும் மறதிநோய்தானே. அவர் காலையில் சட்டை மாட்டும்போது கையை ஓங்க ஆரம்பித்து ஐந்தாறு மாதங்கள் இருக்கும். தலைமையாசிரியர் கோபம் திரும்பிவிட்டது என்று நாங்கள் சிரித்தோம். பிறகு சிரிக்க முடியாமல் போனபோது அவரை அமைதிப்படுத்த ஒரு மாத்திரை வந்தது. அதனால் பகலெல்லாம் தூங்கினார். விழித்திருந்த நேரத்தில் அடித்தார். கடைசியில் உண்மையைச் சொன்னது அவரைப் பார்த்துக்கொள்ளும் பெண்தான். "ஐயா, இவர் என்னை அடிக்கவில்லை. இடது கையைச் சட்டைக்குள் நுழைத்தால் மட்டும்தான் அடிக்கிறார்" என்றாள். படித்த நான்கு பேர் இருக்கும் வீட்டில் அது யார் கண்ணிலும் படவில்லை.

நான் கேட்காமல் இருக்கவில்லை. தினமும் "வலிக்கிறதா அப்பா?" என்று கேட்டேன், "இல்லை" என்றார். கதவிடுக்கில் கட்டைவிரல் நசுங்கிய அன்றும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு உனக்கு வடிவியல் நடத்திய மனிதர் வேறு என்ன சொல்வார்? முதியோர் மருத்துவர் அந்தச் சொல்லையே எடுக்கவில்லை. தோளில் மெதுவாகக் கை வைத்து, "இந்த இடத்தில் குடைகிறதா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். நான் வாய் திறக்கப் போனேன், கையமர்த்தினார். அரை நிமிடம் ஆகியிருக்கும். "குடையாமல் என்ன செய்யும்?" என்றார் அப்பா, மக்கு மாணவனைப் பார்ப்பதுபோல. தோள்மூட்டு இறுகிக் கிடந்திருக்கிறது.

நம்மிடம் குத்தல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், பிடிப்பு என்று எத்தனையோ சொற்கள் இருக்க, நான் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப நீட்டியிருக்கிறேன். மறதிநோய் நடுத்தர நிலையில் இருப்பவர்களில் பலரும், தெரிந்த சொல்லில், இந்த நொடியைப் பற்றி மட்டும் கேட்டு, பதிலுக்குப் பொறுமையாகக் காத்திருந்தால், தாங்களே சொல்லிவிடுவார்களாம். பத்துக்கு எத்தனை என்று எண்ணில் கேட்பதைவிடக் கொஞ்சமா, நிறையவா என்று கேட்பது அவர்களுக்கு எளிது. 'நேற்று வலித்ததா' என்பது, நேற்றே இல்லாதவரிடம் கேட்கும் கேள்வி.

சொல் முழுவதும் போய்விட்டவர்களுக்கு உடம்பைத்தான் படிக்க வேண்டும். மருத்துவர் எனக்கு ஒரு தாள் கொடுத்தார். 2003-இல் வெளியான, வலியை மதிப்பிடும் பெயினாட் என்ற அளவுகோல். மூச்சு எப்படி இருக்கிறது, முனகலோ கத்தலோ உண்டா, முகம் சுளிக்கிறதா, உடம்பு விறைக்கிறதா, ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போட்டு, மொத்தம் 10-க்குக் கணக்கிட வேண்டும். நாற்காலியில் சாய்ந்திருந்த அப்பாவுக்கு நான் போட்டது 0. இடது கையைச் சட்டைக்குள் நுழைத்த நொடியில் 6. புருவம் ஒன்றாகக் குவிந்து, மேலுதடு ஏறி, மூச்சு ஒரு கணம் நின்றுவிடுவதை அன்றுதான் பார்த்தேன்; அதுவரை என் கண் அவருடைய கையின் மேலேயே இருந்தது, அடி விழுமே என்று. அசையாமல் இருக்கும்போது பார்த்துவிட்டு வலியில்லை என்று எழுதுவது வீண் வேலை.

அதற்காக அந்தத் தாளைத் தராசு என்று எண்ணிவிடாதே. நாமே வாயால் சொல்லும் 6-உம் இந்த 6-உம் ஒன்றல்ல; பயத்திலும், சிறுநீர் முட்டும்போதும், தனிமையிலும்கூட முகம் அப்படித்தான் சுளிக்கும். அவரைத் தினமும் பார்ப்பவர் 'இது இவருக்கு வழக்கமில்லை' என்று சொல்வதற்குத்தான் என் கணக்கில் மதிப்பு அதிகம்.

நார்வேயில் 18 முதியோர் பராமரிப்பு இல்லங்களில், மறதிநோயோடு கொந்தளிப்பும் கொண்ட 352 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2011-இல் வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்கு 8 வாரம், படிப்படியாக வலிக்கு மட்டும் மருந்து கொடுத்தார்கள். பலருக்கு வெறும் பாராசிட்டமால்தான். கொந்தளிப்பு சுமார் 17 சதவீதம் குறைந்தது. அப்பாவுக்கும் அதே மாத்திரைதான். கேட்டு வாங்கத் தெரியாதவருக்குத் 'தேவைப்பட்டால்' என்று எழுதிக் கொடுப்பதில் அர்த்தமில்லை என்று, நேரம் குறித்துக் கொடுக்கச் சொன்னார் மருத்துவர். காலை வேளை மாத்திரை சட்டை மாற்றுவதற்கு முன்பே உள்ளே போய்விடுகிறது. இரண்டு வாரத்தில் கை ஓங்குவது நின்றது. மாலையில் வருகைப்பதிவேட்டைக் காணோம் என்று கூச்சலிடுவது மட்டும் நிற்கவில்லை. அது வலி இல்லை போலும்.

உன் அம்மாவுக்கு என்ன என்று இங்கிருந்து சொல்ல நான் யார்? ஆனால் தூக்க மருந்தை இன்னும் கூட்டுவதற்கு முன்னால், பல், ஈறு, மலச்சிக்கல், சிறுநீர்த் தேக்கம், குதிகாலிலும் இடுப்பிலும் படுக்கைப்புண், சதைக்குள் வளர்ந்த கால்நகம் இவற்றை ஒருவர் ஒழுங்காகப் பார்த்தாரா என்று கேள். கேட்கத் தயங்காதே, தேர்வு மண்டபத்தில் கண்காணிப்பாளரிடமே கடிகாரம் தவறு என்று வாதாடியவன் நீ. நாளைக் காலை துணி மாற்றும்போது, வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிட்டு, நீ அம்மாவின் முகத்தை மட்டும் பார். எந்தப் பக்கம் திருப்பும்போது கிள்ளுகிறார் என்று குறித்து வைத்து, அன்று மாலையே எனக்கு எழுது. இந்த முறை இரண்டு மாதங்கள் ஆகாது.

என்றும் உன்,
கடைசி பெஞ்சு