பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டி சிகிச்சை இரவிலும் கிடைக்கக் கோரும் மனு

பெறுநர்:
சுகாதாரத் துறைச் செயலாளர் அவர்கள்

பொருள்: பக்கவாத நோயாளிகளுக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியும், கட்டியை அகற்றும் சிகிச்சையும் 24 மணி நேரமும் கிடைக்கச் செய்வது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாய் அடைத்து வரும் பக்கவாதத்தில், கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்குள்ளும் எவ்வளவு சீக்கிரம் போடுகிறார்களோ அவ்வளவு மூளை பிழைக்கும். ஆனால் வந்திருப்பது அடைப்பா, ரத்தக்கசிவா என்பது சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். கசிவு இருப்பவருக்கு இந்த ஊசி உயிருக்கே ஆபத்து. அதனால் ஸ்கேன் இல்லாமல் எந்த மருத்துவரும் ஊசியைத் தொட முடியாது.

என் அப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். இரவில் பேசிக்கொண்டிருக்கும்போதே வாய் கோணி, வலது கை துவண்டு விழுந்தது. தாமதிக்காமல்தான் கொண்டுபோனோம். ஸ்கேன் அறை பூட்டியிருந்தது. எடுப்பவர் காலையில்தான் வருவார் என்றார்கள். பணியில் இருந்த இளம் மருத்துவர் சுகர் பார்த்தார், பிரஷர் பார்த்தார், கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று நேரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார். அவர் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார். பூட்டு மட்டும் திறக்கவில்லை. இன்று அப்பாவால் ஒரு வார்த்தையைக்கூட முழுதாகச் சொல்ல முடியவில்லை.

ஆகவே, சி.டி. கருவி உள்ள எல்லா அரசு மருத்துவமனைகளிலும் அதை இயக்க இரவுப் பணியாளரை நியமிக்க வேண்டுகிறேன். ஊசி மருந்து கிடங்கில் இல்லாமல் அவசர சிகிச்சைப் பிரிவிலேயே இருக்க வேண்டும். நரம்பியல் மருத்துவர் இல்லாத இடங்களில், ஸ்கேன் படத்தை அனுப்பி வீடியோ அழைப்பில் ஆலோசனை பெற வழி செய்யுங்கள்.

அப்புறம், மூளைக்குச் செல்லும் பெரிய ரத்தக் குழாய் அடைத்திருந்தால் பெரும்பாலும் ஊசி மட்டும் போதாது. தொடை வழியாகவோ மணிக்கட்டு வழியாகவோ மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டியை வெளியே எடுக்க வேண்டும். இதன் பலனை 2015-இல் வெளிவந்த ஆய்வுகள் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிவிட்டன. தகுந்த நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம் என்று 2018-இல் தெரிய வந்தது. அதை வைத்து யாரும் நிதானமாக இருந்துவிடக் கூடாது. எல்லா ஊரிலும் இந்த வசதியை அமைக்க முடியாது என்பது புரிகிறது. ஆனால் ஊசி போட்ட கையோடு, பலன் தெரியட்டும் என்று காத்திருக்காமல், பெரிய மையத்துக்கு ஆம்புலன்ஸில் அனுப்பலாமே. கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்துகளில் ஆல்டிப்ளேஸை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். டெனெக்டிப்ளேஸை ஒரே ஊசியாகப் போட்டுவிடலாம். வழியில் இருக்கும் நோயாளிக்கு அது பெரிய உதவி. புறப்படும்போதே அங்கே தகவல் சொல்லிவிட்டால், போய்ச் சேர்ந்ததும் மறுபடி சீட்டு எழுதி வரிசையில் நிற்க வேண்டியிருக்காது.

இவற்றில் இரவு ஸ்கேன் பணியாளர் நியமனத்தையாவது உடனடியாகச் செய்து உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டவரின் மகள்