ஸ்கேனர் வந்துவிட்டது, ஆளை யார் பழக்குவது?

கிழக்கு மாகாணத்தில் நூலகங்கள், ஆவணக் காப்பகங்கள், அருங்காட்சியகங்களுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். பழைய ஏடுகளையும் கொப்பிகளையும் கணினியில் ஏற்ற ரிப்பன் வெட்டி ஸ்கேனர் திறக்கிறீர்கள், பேப்பரில் படமும் வருகிறது. சரி, அப்புறம்? ஸ்கேன் பண்ணிய கோப்புகளுக்கு என்ன நடந்தது என்று யாராவது கேட்டிருக்கிறீர்களா?

ஓரிடத்தில் (பெயர் வேண்டாம்) கண்ணகி அம்மன் சடங்கில் படிக்கும் கண்ணகி வழக்குரை ஏட்டுப் படங்களைக் காட்டினார்கள். 'ஐஎம்ஜி 0347' என்ற மாதிரிப் பெயர்கள்தான் வரிசையாக. எந்த ஊர் ஏடு, யார் வீட்டில் இருந்தது, முதல் ஓலை எது என்று ஒரு வரி கிடையாது. எல்லாம் ஜேபெக், அதாவது படத்தைச் சுருக்கும்போது நுணுக்கம் கொஞ்சம் போய்விடும் கோப்பு வகை. அதிலும் யாரோ வெளிச்சத்தைக் கூட்டி அதே கோப்பின் மேலேயே சேமித்ததில் மூலப்படம் போயே விட்டது. இருப்பது ஒரே ஹார்ட் டிஸ்க், அதுவும் மேசை லாச்சிக்குள். வேலை பார்க்கும் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன், சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தால்தானே.

மூலத்தை டிஃப் கோப்பாக (நுணுக்கம் குறையாமல் படத்தை வைக்கக்கூடிய வகை) தொடாமல் வைப்பது, செக்சம் (கோப்பிலிருந்து கணக்கிடும் அடையாளக் குறி) எடுத்துவைத்துக் கோப்பு பழுதாகவில்லை என்று இடைக்கிடை பார்ப்பது, மூன்று பிரதி வைத்து ஒன்றையாவது வேறு ஊரில் வைப்பது, இவை சில நாட்களில் பழக்கக்கூடியவை. 1978 சூறாவளியையும் 2004 சுனாமியையும் கண்ட கரையில் அந்த வேறு ஊர் ஏன் என்று விளக்கவும் தேவையில்லை.

கஷ்டமானது விவரம் எழுதுவதுதான். ஒரு கூத்துக் கொப்பியைக் கையில் கொடுத்தால் அது கூத்தின் இரு பாணிகளில் வடமோடியா தென்மோடியா, எந்த அண்ணாவியாருடையது (கூத்துப் பழக்குபவர்), ஓரத்தில் பென்சிலால் குறித்திருப்பது தாளக்கட்டா வேறேதுமா என்று பதிய வேண்டும், அதைக் கொழும்பில் இருந்து வரும் கணினி விரிவுரையாளர் சொல்லித் தர முடியாது, ஆகவே பயிற்சியில் ஒரு நாளாவது அண்ணாவியாரையும் வைகாசிச் சடங்கில் வழக்குரை படிப்பவரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள், போக்குவரத்துக் காசும் கொடுங்கள். கோயில் ஏட்டில் எதை இணையத்தில் போடலாம், எதைப் போடக்கூடாது என்பதும் அவர்கள் வாயால்தான் வரவேண்டும். தமிழில் விவரப்பதிவு செய்த அனுபவம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் இணையத்தில் சேர்த்துவைக்கும், 2005 முதல் இயங்கும் 'நூலகம்' திட்டத்தாரிடம் இருக்கிறது, அவர்களிடம் கேளுங்கள்.

பயிற்சி தமிழில், மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ, கடமை நேரத்தில் நடக்கட்டும். தற்காலிக ஊழியர்களையும் சேருங்கள், ஸ்கேனருக்கு முன்னால் இருப்பது பெரும்பாலும் அவர்கள்தான். அப்புறம் ஒன்று: பழக்கி எடுத்த ஆளை அடுத்த வருடமே காணிக் கந்தோருக்கு இடமாற்றம் செய்துவிடாதீர்கள்.